போஸ்ட் கோரிக்கை வழிமாற்றத்தில் கெட் ஆகிவிடுகிறது: பூ வரவுப் படிவம் வெறுமையாகத் திரும்புவது ஏன்?

கேட்பவர்: படிவக்காரன், மதுரை

அனைவருக்கும் வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உள்ள ஒரு கமிஷன் கடைக்காகச் சிறிய இணையப் படிவம் ஒன்றை எழுதிக் கொடுத்து, அதை நானே பராமரித்தும் வருகிறேன். உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கத்து ஊர்களிலிருந்து பூ அனுப்புகிறவர்கள், மூட்டையை வண்டியில் ஏற்றியவுடன், என்ன பூ, எத்தனை கிலோ, எந்த வண்டி என்ற மூன்றையும் கைபேசியிலேயே நிரப்பி அனுப்பிவிடுவார்கள். மல்லியின் விலை ஒரே காலைப் பொழுதுக்குள் ஏறி இறங்கும் என்பதால், அன்றைக்கு எவ்வளவு பூ வருகிறது என்பது விடிவதற்கு முன்பே கடைக்குத் தெரிந்தாக வேண்டும்.

சென்ற வாரம் புதிய சர்வருக்கு மாறினேன். பழைய சர்வரில் நிரல் நேரடியாகவே கோரிக்கைகளை வாங்கியது. புதியதில் முன்னால் என்ஜின்எக்ஸ் என்னும் இணையச் சர்வர் மென்பொருள் நின்றுகொண்டு, வருகிற கோரிக்கைகளைப் பின்னால் இயங்கும் நிரலுக்குக் கடத்துகிறது. மாறிய மறுநாள் காலையில் வரவுப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. கடையின் கணக்குப்பிள்ளை ஐந்து மணிக்கே அழைத்துவிட்டார். ஊர்க்காரர்களிடம் விசாரித்தால், "அனுப்பினோம், எப்போதும் போல வெற்றுப் படிவம் திரும்பி வந்தது" என்றே எல்லோரும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான், பதிவு நல்லபடியாக ஏறினாலும், அடுத்த மூட்டைக்காக வெற்றுப் படிவத்தைத்தான் என் நிரல் காட்டும்.

சர்வர் லாக்கில், அதாவது வந்த கோரிக்கைகளின் பதிவேட்டில், ஒவ்வொருவருக்கும் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் போஸ்ட் (தரவை அனுப்பும் முறை), முகவரி "/வரவு", நிலைக் குறியீடு 301 (நிரந்தரமாக வேறு முகவரிக்குத் திருப்பும் வழிமாற்றம்). அதே விநாடியில் அடுத்த வரி: கெட் (பக்கத்தைக் கேட்டு வாங்கும் முறை), முகவரி "/வரவு/", நிலைக் குறியீடு 200 (சரி). இரண்டு முகவரிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு கடைசியில் இருக்கும் ஒரு சாய்கோடு மட்டுமே.

குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியில், முறையைக் குறிப்பிடும் எக்ஸ் தெரிவில் போஸ்ட் என்று எழுதி, வழிமாற்றத்தைப் பின்தொடரும் எல் தெரிவையும் சேர்த்துச் சோதித்தால், இரண்டாம் வரியும் போஸ்ட் என்றே பதிவாகிறது. அப்படியானால் இது உலாவிகளின் பிழையா? என் நிரலில் எந்த இடத்திலும் நான் 301 எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குப் பழைய சர்வருக்கே திரும்பியிருக்கிறேன். அதன் ஒப்பந்தம் அடுத்த வாரத்தோடு முடிகிறது.

மறுமொழி: வைகை வடகரை

வணக்கம் தம்பி. லாக்கின் இரண்டு வரிகளையும் அப்படியே எடுத்துச் சொன்னது நல்லதாயிற்று. நடந்தது என்னவென்பது அவற்றிலேயே இருக்கிறது. இது உலாவியின் பிழை அன்று. 301, தற்காலிக வழிமாற்றமான 302 ஆகிய இரண்டு குறியீடுகளுக்கும், வந்த கோரிக்கை போஸ்ட் ஆக இருந்தால் அதைக் கெட் ஆக மாற்றி, உள்ளடக்கத்தைக் கைவிட்டுவிட்டு, புதிய முகவரிக்குச் செல்ல வேண்டும் என்பதே இன்றைய உலாவிகள் பின்பற்றும் ஃபெட்ச் தரத்தின் விதி. உங்கள் ஊர்க்காரர்கள் நிரப்பிய கிலோ கணக்கு முதல் வரி வரைக்கும் வந்தது. இரண்டாம் கோரிக்கையில் அது இல்லவே இல்லை.

இந்த விதி முதலிலேயே இப்படி எழுதப்பட்டதன்று. வலை பிறந்த செர்ன் ஆய்வகத்தில் முதலில் செய்யப்பட்ட வடிவத்தில் 301, 302 இரண்டும் முறையை மாற்றாமல் காப்பவையாகவே இருந்தன. 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 (உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) ஆவணமான ஆர்எஃப்சி 1945 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறை ஆவணங்களின் வரிசை) அதே பொருளிலேயே எழுதப்பட்டது. போஸ்ட் கோரிக்கையைப் பயனரின் ஒப்புதல் இல்லாமல் தானாக வழிமாற்றக் கூடாது என்றும் அது சொன்னது. ஆனால் அன்றைக்கே சில உலாவிகள் போஸ்டைத் தவறாகக் கெட் ஆக மாற்றுகின்றன என்ற குறிப்பும் அதே ஆவணத்தில் இருக்கிறது. படிவத்தை வாங்கி வேலையை முடித்துவிட்டு, பயனருக்கு வேறொரு பக்கத்தைக் காட்ட விரும்பிய நிரலாளர்களுக்கு அந்தத் தவறு வசதியாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. நாளடைவில் வழக்கமே வென்றது.

அதன் பிறகு தரம் எழுதியவர்கள் வழக்கத்தோடு மல்லுக்கு நிற்காமல், தெளிவான புதிய குறியீடுகளைக் கொடுத்தார்கள். 1997இல் ஆர்எஃப்சி 2068 வழியாக 303 வந்தது. "வேலை முடிந்தது, இனி அந்த முகவரியைக் கெட் முறையில் போய்ப் பார்" என்பது அதன் பொருள். 1999இல் ஆர்எஃப்சி 2616 வழியாக 307 வந்தது. "தற்காலிகமாக அங்கே போ, முறையையும் உள்ளடக்கத்தையும் மாற்றாதே" என்பது அதன் பொருள். நிரந்தர மாற்றத்துக்கு அதே உறுதியைத் தரும் 308 மட்டும் வெகு தாமதமாக, 2014இல் சோதனை ஆவணமாகவும் 2015இல் ஆர்எஃப்சி 7538 ஆகவும் வந்து சேர்ந்தது. போஸ்டைக் கெட் ஆக மாற்றும் பழைய வழக்கத்தையும் 2014இல் ஆர்எஃப்சி 7231 அனுமதித்துவிட்டது. இப்போது நடைமுறையில் இருக்கும் 2022ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 9110 இந்த வரலாற்றையே சுருக்கமாகச் சொல்கிறது.

கர்ல் காட்டியதை நம்ப வேண்டாம். எக்ஸ் தெரிவில் நீங்கள் போஸ்ட் என்று எழுதியதால், வழியில் எத்தனை வழிமாற்றம் வந்தாலும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்தச் சொல்லையே இடுமாறு நீங்களே கட்டளையிட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு, தரவைக் கொடுக்கும் டி தெரிவை மட்டும் வைத்துப் பாருங்கள். தரவு இருந்தாலே கர்ல் போஸ்ட் அனுப்பும், 301 வந்ததும் உலாவியைப் போலவே கெட் ஆக மாறும்.

அந்த 301 எங்கிருந்து வந்தது என்பதற்கு என் ஊகம் இது. என்ஜின்எக்ஸ் அமைப்பில் "/வரவு/" என்று சாய்கோட்டோடு முடியும் பகுதியை எழுதி, அதற்குள் நிரலுக்குக் கடத்தும் கட்டளையை வைத்திருப்பீர்கள். அப்படி எழுதினால், சாய்கோடு இல்லாமல் வரும் கோரிக்கைக்கு என்ஜின்எக்ஸ் தானாகவே 301 கொடுக்கும். நாம் எழுதாத வரி என்பதால்தான் எத்தனை தேடினாலும் கண்ணில் படவில்லை.

மறுமொழி: மேலூர் வாசகர்

ஊகம் சரியாகத்தான் இருக்கும். எனக்கும் அதே இடத்தில் அடி விழுந்திருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மாறுவது போஸ்ட் மட்டுமே என்பதை மறந்துவிட வேண்டாம். புட், டிலீட் போன்ற முறைகளை 301, 302 வந்தாலும் உலாவி மாற்றாமல் எடுத்துச் செல்லும். 303 வந்தால் மட்டும், கெட், ஹெட் தவிர்த்த எல்லாம் கெட் ஆகிவிடும். ஆனால் பைதான் நிரல்களிலிருந்து கோரிக்கை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் 302க்கே, ஹெட் தவிர எல்லாவற்றையும் கெட் ஆக்கிவிடுகிறது. எனவே உலாவிக்காகச் சோதித்ததை நிரலுக்கும், நிரலுக்காகச் சோதித்ததை உலாவிக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது.

தற்காலிக சேமிப்பை அழித்துவிட்டுப் பார்க்குமாறு யாராவது சொல்லக்கூடும். 301ஐ உலாவி நினைவில் வைத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் அது கெட் கோரிக்கைகளுக்குப் பொருந்துவது. போஸ்ட் ஒவ்வொரு முறையும் சர்வருக்கே வந்து சேரும். உங்கள் லாக்கில் போஸ்ட் வரி இருப்பதே அதற்குச் சான்று.

கேட்பவர்: படிவக்காரன், மதுரை

இருவருக்கும் மிக்க நன்றி. என்ஜின்எக்ஸ் அமைப்பு ஐயா சொன்னது போலவே, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. எக்ஸ் தெரிவை நீக்கியதும் கர்லும் கெட் ஆக மாறியது.

ஆனால் நேற்றிரவு நான் அவசரப்பட்டு வேறொரு தவறைச் செய்துவிட்டேன். 307 முறையைக் காக்கும் என்று படித்ததும், வழிமாற்றம் இருக்கிற எல்லா இடங்களிலும், அதாவது பதிவை ஏற்றிய பிறகு வெற்றுப் படிவத்துக்குத் திருப்பும் இடத்திலும்கூட, 302ஐ எடுத்துவிட்டு 307 போட்டேன். பின்பு "மல்லி, 12 கிலோ" என்று சாய்கோடுள்ள முகவரிக்கு ஒரு சோதனைப் பதிவை அனுப்பினேன். குரோம், வழிமாற்றங்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்று சொல்லி நின்றுவிட்டது. பட்டியலைத் திறந்தால் அதே 12 கிலோ மல்லி 21 வரிகளாக ஏறியிருந்தது. இதுவே உண்மையான காலையாக இருந்திருந்தால், 252 கிலோ மல்லி வருகிறதென்று நம்பிக் கடைக்காரர் விலை பேசியிருப்பார். நல்லவேளையாக அது சோதனைச் சர்வர்.

மறுமொழி: வைகை வடகரை

21 என்ற எண் தற்செயலாக வந்ததன்று. உலாவி ஒரு கோரிக்கைக்கு 20 வழிமாற்றங்கள் வரைதான் பின்தொடரும். பதிவை ஏற்றிய உங்கள் நிரல் 307 கொடுத்து அதே முகவரிக்குத் திருப்பியது. உலாவி சொன்ன சொல் தவறாமல் அதே போஸ்டை, அதே 12 கிலோவுடன், மறுபடியும் கொண்டுவந்தது. நிரல் அதையும் ஏற்றிவிட்டுத் திரும்பவும் 307 கொடுத்தது. முதல் கோரிக்கையும் அதைத் தொடர்ந்த 20 வழிமாற்றங்களும் சேர்ந்து 21 ஆயின.

ஆகவே உங்களுக்கு இரண்டு இடங்களில் இரண்டு வேறு குறியீடுகள் வேண்டும். பதிவை ஏற்றி முடித்த இடத்தில் 303 கொடுங்கள். இத்தனை நாளும் அங்கே 302 வேலை செய்தது, போஸ்டைக் கெட் ஆக மாற்றும் அதே பழைய வழக்கத்தால்தான். உங்களுக்குத் துணையாக நின்ற அந்த வழக்கமே புது சர்வரில், பதிவு ஏறுவதற்கு முந்தைய இடத்தில், உங்களைக் கவிழ்த்தது. 303 கொடுத்தால் பயனர் பக்கத்தைப் புதுப்பித்தாலும் படிவம் மறுபடி அனுப்பப்படாது.

சாய்கோடு இல்லாத முகவரிக்கு என்ஜின்எக்ஸில் தனியாக, முழுப் பொருத்தம் கேட்கும் சமக் குறியுடன் ஒரு பகுதி எழுதி, அதில் 308 திருப்பிக் கொடுங்கள். என்ஜின்எக்ஸ் 1.13.0 முதல்தான் 308ஐ வழிமாற்றமாக அறியும் என்பதால், பதிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல் படிவத்தின் அனுப்பும் முகவரியிலேயே சாய்கோட்டைச் சேர்த்துவிடுங்கள். 308 வழியாகப் போகும் ஒவ்வொரு பதிவும் கைபேசியிலிருந்து இரண்டு முறை புறப்படுகிறது. மூன்று கட்டங்கள் மட்டுமே என்றால் பாதகமில்லை. நாளை மூட்டையின் படத்தையும் சேர்க்கச் சொன்னால், சிக்னல் குறைந்த ஊரில் நிற்கிறவர் அதே படத்தை இருமுறை ஏற்ற வேண்டியிருக்கும்.

மறுமொழி: திருப்பரங்குன்றம் நிரலாளர்

குறியீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஐயா சொல்லிவிட்டார். என் கவலை ஊர்க்காரர்கள் பார்த்த அந்த வெற்றுப் படிவத்தைப் பற்றியது. பதிவு ஏறினாலும் வெற்றுப் படிவம், ஏறாமல் தொலைந்தாலும் அதே வெற்றுப் படிவம் என்றால், விடியற்காலை இருட்டில் வண்டிப் பக்கத்தில் நின்று அனுப்புகிறவர் எதை வைத்துத் தெரிந்துகொள்வார்? 303 கொடுக்கும்போது வெற்றுப் படிவத்துக்குத் திருப்பாமல், அந்தப் பதிவுக்கென்று ஓர் எண்ணைக் கொடுத்து, "வரவு எண் 48, மல்லி 12 கிலோ ஏறிவிட்டது" என்று காட்டும் பக்கத்துக்குத் திருப்புங்கள். அடுத்த மூட்டைக்கான பொத்தான் அந்தப் பக்கத்தின் கீழே இருக்கட்டும். வழிமாற்றத்தில் உள்ளடக்கம் தொலைந்துபோனால் அந்தப் பக்கம் வரவே வராது. அவர்களே உங்களை அழைத்துவிடுவார்கள்.

கேட்பவர்: படிவக்காரன், மதுரை

மூன்றையும் செய்து, நேற்று மாலை புதிய சர்வருக்கு மாறினேன். இன்று அதிகாலை மூன்றரை மணியிலிருந்து லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரும்பாலான பதிவுகள் போஸ்ட் 303, அடுத்த வரியில் கெட் 200 என்று வந்தன. ஏழு பதிவுகளுக்கு மட்டும் அதற்கு மேலே போஸ்ட் 308 என்ற வரியும் இருந்தது. பழைய பக்கத்தை உலாவியில் மூடாமலே நாட்கணக்காக வைத்திருப்பவர்கள் அவர்கள் என்று நினைக்கிறேன். ஏழும் பட்டியலில் ஏறியிருந்தன, ஒவ்வொன்றும் ஒரே ஒரு வரியாக. அந்த 308ஐ இப்போதைக்கு எடுக்கப் போவதில்லை.

கணக்குப்பிள்ளை இன்றும் ஐந்து மணிக்கு அழைத்தார். வரவு எண்ணைப் பட்டியலின் முதல் பத்தியில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.