புதுப்பிப்பு: அப்பாவின் நுரையீரல் முடிச்சு, பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தது காசநோய்

அப்பாவின் வலது நுரையீரலில் 14 மி.மீ. முடிச்சு, ஓரங்கள் முள்முள்ளாக இருக்கின்றன, பெட் ஸ்கேனிலும் ஒளிர்கிறது, புற்றுநோயாக இருக்குமோ, நேராக அறுவை சிகிச்சைக்குப் போகலாமா என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பழைய படங்களோடு ஒப்பிடச் சொன்னீர்கள். எங்களிடம் இருந்தது ஒரு பழைய எக்ஸ்ரே மட்டுமே. இவ்வளவு சிறிய முடிச்சு அதில் தெரியாமலே போகலாம் என்றார் மருத்துவர். கைகொடுத்தது மற்றொரு யோசனை: "முதலில் ஊசியால் திசு எடுங்கள், காசநோய்க்கும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்." அதை எழுதியவருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. சி.டி. பார்த்தபடியே ஊசி செலுத்தி எடுத்த திசுவில் புற்றணுக்கள் இல்லை. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையில் காசநோய்க் கிருமி உறுதியானது.

பெட் ஸ்கேன் காட்டுவது சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இடத்தை. புற்றணுக்களைப் போலவே காசநோய் அழற்சியில் உள்ள செல்களும் அப்படித்தான் உறிஞ்சுகின்றன. மெதுவாக வளரும் சில புற்றுநோய்களோ ஒளிராமலே இருந்துவிடும். எனவே ஒளிரவில்லை என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

எதிர்பாராதது ஒன்று: ஊசி போட்டபின் நுரையீரலைச் சுற்றிச் சிறிது காற்று கசிந்தது. ஓர் இரவு மருத்துவமனையில் தங்கினோம், தானாகவே சரியானது.

ஆறு மாத மருந்து முடிந்தது. போன வாரம் எடுத்த சி.டி.யில் முடிச்சு 5 மி.மீ. தழும்பாகச் சுருங்கியிருக்கிறது.