உபுண்டு 24.04-க்கு மாறியதும் பழைய வென்வ் காலி! ஃபோல்டரில் பேக்கேஜ் எல்லாம் இருக்கிறதே?

கேள்வி – நூல்கண்டு
22.04-இலிருந்து 24.04-க்கு அப்கிரேட் செய்தேன். வென்வ் (ஒரு புராஜெக்டின் பைத்தான் பேக்கேஜ்களைத் தனியாக வைக்கும் ஃபோல்டர்) வழக்கம்போல ஆக்டிவேட் ஆகிறது. ஆனால் நம்பை, பாண்டாஸ் என்று எந்தப் பேக்கேஜை இம்போர்ட் செய்தாலும் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்'. பேக்கேஜ் நிறுவும் கருவியான பிப்பை அழைத்தாலே 'நோ மாட்யூல் நேம்டு பிப்'. டீஆக்டிவேட் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று நின்றுவிடுகிறது. தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல் எழுதி வைக்கவில்லை. எந்த வெர்ஷன் போட்டிருந்தேன் என்பதும் நினைவில்லை.

பதில் – கருந்திரை
வென்வுக்குள் தனி பைத்தான் கிடையாது. அதிலுள்ள 'பின்' (bin) ஃபோல்டரில் இருப்பது சிஸ்டம் பைத்தானைக் காட்டும் சிம்லிங்க் (குறுக்குவழி இணைப்பு) மட்டுமே. சிஸ்டம் பைத்தான் 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12. உங்கள் பேக்கேஜ்கள் லிப்/பைத்தான்3.10/சைட்-பேக்கேஜஸ் உள்ளே கிடக்கின்றன, 3.12 தேடுவதோ லிப்/பைத்தான்3.12-இல். பிப்பும் ஒரு பேக்கேஜ்தானே, அதுவும் அங்கேயே மாட்டிக்கொண்டது.

கடைசியாக வந்த எரருக்கு 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' ஆப்ஷனைப் போடச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம். உபுண்டுவின் சொந்த நிறுவியான ஏபிடி போட்ட பைத்தான் பேக்கேஜ்களோடு அது மோதும்.

பதில் – அரைப்புள்ளி
3.10 ஃபோல்டரை 3.12 என்று பெயர் மாற்றினால் போதாதா?

பதில் – கருந்திரை
முழுக்க பைத்தானிலேயே எழுதிய பேக்கேஜ் பலவும் ஓடிவிடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும், அதுதான் ஆபத்தே. நம்பைக்குள் இருக்கும் கம்பைல் ஆன ஃபைல்களின் பெயரிலேயே 'சிபைத்தான்-310' என்றிருக்கும், 3.12 அவற்றை ஏறெடுத்தும் பார்க்காது. வென்வ் கட்டளையின் 'அப்கிரேட்' ஆப்ஷனும் பேக்கேஜ்களை இடம் மாற்றித் தராது. புதிதாகத்தான் போட வேண்டும்.

முதலில் ஏபிடி வழியாக பைத்தான்3-வென்வ் இருக்கிறதா என்று பாருங்கள். பழையதை அழிக்காமல், பக்கத்திலேயே வேறு பெயரில் புது வென்வ் உருவாக்கி ஆக்டிவேட் செய்யுங்கள். அங்கிருந்து 'பிப் ஃப்ரீஸ் --பாத்' போட்டு, பழைய சைட்-பேக்கேஜஸின் முழுப் பாதையைக் கொடுங்கள். எல்லா பேக்கேஜும் வெர்ஷனோடு வரும். ஒரு ஃபைலில் சேமித்து 'பிப் இன்ஸ்டால் -ஆர்' கொடுத்தால் முடிந்தது.

நூல்கண்டு
பட்டியல் வந்துவிட்டது, நன்றி! ஆனால் நம்பை 1.23.5-இல் இன்ஸ்டால் உடைகிறது: 'பிகேஜியூடில்-இல் இம்ப்இம்போர்ட்டர் இல்லை' என்கிறது.

பதில் – மூன்றாம்படி
நம்பை 1.26-இலிருந்துதான் 3.12-க்கு ஆதரவு. 1.23.5-க்கு 3.12-க்கு ஏற்ற வீல் (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்) கிடைக்காததால் பிப் சோர்ஸிலிருந்து பில்ட் செய்யப் பார்க்கிறது. அதற்கு இழுக்கும் பழைய செட்அப்டூல்ஸ் (பில்ட் செய்யும் கருவி) கேட்பது 3.12-இல் நீக்கப்பட்ட ஒன்றை. கம்பைலர், டெவ் பேக்கேஜ் என்று எதை நிறுவினாலும் இது தீராது.

ஃப்ரீஸ் பட்டியலை அப்படியே போடாதீர்கள். 'பிப் லிஸ்ட் --நாட்-ரிக்வயர்டு' உடன் அதே பாதையைக் கொடுத்தால், வேறெதற்கும் துணையாக வராத பேக்கேஜ்கள் மட்டும் வரும். அவற்றை வெர்ஷன் எண் இல்லாமல் நிறுவுங்கள். பாண்டாஸ் இருந்தால் நம்பை இந்தப் பட்டியலில் தெரியாது, பயப்பட வேண்டாம். பாண்டாஸே இழுத்து வரும். பிறகு, பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க 'பிப் செக்' ஒருமுறை.

ஒரு எச்சரிக்கை: பாண்டாஸ் 1.5-இலிருந்து 2-க்குப் போனால் டேட்டாஃப்ரேமின் அப்பெண்ட் இருக்காது, கான்கேட்டுக்கு மாற்ற வேண்டும்.

உங்கள் புரோகிராமைத் தொடவே கூடாதென்றால், பிப், வென்வ் வேலைகளைச் செய்யும் 'யூவி' என்ற கருவியை நிறுவி, 'யூவி வென்வ் --பைத்தான் 3.10' கொடுங்கள். கணினியில் 3.10 இல்லாவிட்டால் அதுவே இறக்கிக்கொள்ளும். ஃப்ரீஸ் ஃபைலை 'யூவி பிப் இன்ஸ்டால் -ஆர்' மூலம் அப்படியே ஏற்றலாம்.

நூல்கண்டு
யூவி வழியில் 3.10-இலேயே ஓடுகிறது. புது ஃபோல்டரைப் பழைய பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா?

பதில் – கருந்திரை
மாற்றாதீர்கள். ஆக்டிவேட் ஸ்கிரிப்டிலும், 'பின்' ஃபோல்டருக்குள் உள்ள ஸ்கிரிப்ட்களின் முதல் வரியிலும் முழுப் பாதை பதிந்திருக்கும். பழையதை அழித்துவிட்டு, அந்தப் பெயரிலேயே இன்னொரு முறை உருவாக்குங்கள். ஃப்ரீஸ் ஃபைல்தான் கையில் இருக்கிறதே.