கொழும்பில் குளிர் ஏது? 2618 பிஸ்டன் காலையில் தட்டுமா, தட்டாதா

ஈவோ வெள்ளவத்தை
நேற்று வேறொரு இடத்தில் 'ஸ்டார்லெட் ஜீடி' எழுதியதை அப்படியே தருகிறேன்: "2618 பிஸ்டன் காலையில் தட்டும் என்பது வெள்ளைக்காரன் கதை. கொழும்பில் குளிர் ஏது? இங்கே ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போட்டுச் சத்தம் வருகிறதென்றால் லேத்காரன் போரைப் பெரிதாக வெட்டிவிட்டான், அவ்வளவுதான்."

இதைப் படித்துவிட்டு ஒரு கூட்டாளி போன் பண்ணி, "மச்சான், உன்ட எஞ்சினைத் திரும்பப் பிரிக்கச் சொல்லுறாங்கள்" என்று சிரிக்கிறான்.

என்னுடையது மிட்சுபிஷி ஈவோவின் 4ஜி63 எஞ்சின். 85.5 மில்லிமீட்டருக்கு ரீபோர், 2618 பிஸ்டன், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நாலு தௌ இடைவெளி. (2618 என்பது ஃபோர்ஜ்ட், அதாவது அடித்து உருவாக்கிய, பிஸ்டனுக்கான ஒரு அலுமினியக் கலவையின் இலக்கம். போர் என்றால் சிலிண்டரின் உள் விட்டம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தௌ. புதியவர்களுக்காகச் சொன்னேன், தெரிந்தவர்கள் பாய வேண்டாம்.) காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டும். மரீன் டிரைவில் ஏறி எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். 2618இல் சிலிக்கன் கிட்டத்தட்ட இல்லை. சூட்டுக்கு அதிகம் விரியும், அதனால் இடைவெளி கூடுதலாக விட வேண்டும், சூடாகும் வரை பிஸ்டன் உள்ளே ஆடும். இதில் லேத்காரன் எங்கே வந்தான்?

ஸ்டார்லெட் ஜீடி
எனக்கென்று தனியாக ஒரு விவாதமே திறக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளாகிவிட்டேன். நன்றி.

என்னுடையது டொயோட்டா ஸ்டார்லெட்டின் 4ஈ-எஃப்டிஈ டர்போ எஞ்சின். 74 மில்லிமீட்டர் போர், அதே 2618, மூன்று தௌ. காலையில் தட்டாது, இரவில் தட்டாது, ஜனவரியிலும் தட்டாது. ஜனவரியில்கூட கொட்டாஞ்சேனையில் ஃபேன் போட்டுத்தான் படுக்கிறோம். கொழும்பில் குளிர் ஏது?

ஈவோ வெள்ளவத்தை
கோல்ட் ஸ்டார்ட் என்றால் எஞ்சின் ஆறியிருப்பது. ஊர் ஆறியிருப்பது அல்ல. கொழும்பின் 27 பாகைகூட பிஸ்டனுக்குக் குளிர்தான், ஓடும்போது அதன் தலை 200 பாகையைத் தாண்டுகிறது. இதைச் சொல்லி அலுத்துவிட்டது. அப்புறம், உம்முடைய சைலன்சருக்குப் பக்கத்தில் நின்று மேளம் அடித்தாலே கேட்காது. பிஸ்டன் தட்டுவதா கேட்கப் போகிறது?

ஸ்டார்லெட் ஜீடி
சைலன்சரை ஏன் இழுக்கிறீர்? கேட்டதற்குப் பதில் சொல்லும். கொழும்பில் குளிர் ஏது?

ஆமர் வீதி மைக்ரோமீட்டர்
இரண்டு பேரும் லேத்காரன், லேத்காரன் என்று திட்டுகிறீர்கள். சிலிண்டரை வெட்டுவது போரிங் மெஷின், அதற்குப் பிறகு கல்லால் தேய்த்துச் சீராக்குகிற ஹோனிங். லேத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது தெரியாதவர்கள் பிஸ்டனில் எந்த உலோகம் என்று சண்டை பிடிக்கிறீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பாகை சூட்டுக்கு ஒரு மீட்டரில் 2618 சுமார் 22 மைக்ரோன் விரியும், சிலிக்கன் கூடிய மற்றப் பிஸ்டன் கலவையான 4032 சுமார் 19. 85 மில்லிமீட்டர் பிஸ்டனை 100 பாகை சூடாக்கினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.025 மில்லிமீட்டர். அதாவது ஒரே ஒரு தௌ. இவ்வளவு சத்தமும் அந்த ஒரு தௌவுக்குத்தான்.

அந்த ஒரு தௌ எங்கே தொலைகிறது என்று நான் சொல்கிறேன். ஒரு தம்பி பிஸ்டன் பெட்டியோடு மத்தியானம் பட்டறைக்கு வந்தான். பஞ்சிகாவத்தையில் காரை வெயிலில் விட்டுவிட்டு கேஸ்கட் தேடி அலைந்திருக்கிறான், பெட்டி டிக்கிக்குள். பிஸ்டனைக் கையில் எடுத்தால் தேநீர்க் கோப்பையைப் பிடித்த மாதிரி இருக்கிறது. பிளொக்கோ காலையிலிருந்து நிழலில். "அண்ணை, கையோட அளந்து வெட்டித் தாங்கோ" என்கிறான். பிஸ்டன் பிளொக்கைவிட 15 பாகை சூடாக இருந்தால் 85 மில்லிமீட்டரில் ஒரு தௌவுக்கு மேல் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி வெட்டினால் போர் ஒரு தௌ பெரிது. பிறகு காலையில் தட்டுகிறது, உலோகம் பிழை, கம்பெனி பிழை, மைக்ரோமீட்டர் பிழை. நான் பிஸ்டனைப் பிளொக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். கோபித்துக்கொண்டான். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளந்து காட்டினேன், வாயை மூடிக்கொண்டான்.

இன்னொன்று. பிஸ்டன் சரியான வட்டம் அல்ல. பிஸ்டனைக் கனெக்டிங் ரொட்டோடு கோர்க்கிற பின் (pin) போகும் பக்கம் கொஞ்சம் ஒடுக்கம், தலைப்பக்கமும் ஒடுக்கம். அந்தப் பின்னுக்குக் குறுக்காக, ஸ்கர்ட் என்கிற கீழ்ப்பகுதியில், கம்பெனித் தாளில் போட்ட உயரத்தில் அளக்க வேண்டும். ரிங் பக்கத்தில் அளந்துவிட்டு "அண்ணை, எட்டு தௌ இருக்கு" என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்லெட் ஜீடி
மிக்க நன்றி அண்ணை. போர் பெரிதாகிவிட்டால் தட்டும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் நேற்றிலிருந்து சொல்வதும் அதுதான்.

ஈவோ வெள்ளவத்தை
அண்ணை 2618 அதிகம் விரியும் என்று இலக்கத்தோடு போட்டிருக்கிறார். அதை மட்டும் தாண்டிப் போய்விட்டீர். கண் வைத்தியம் பாரும்.

ஆமர் வீதி மைக்ரோமீட்டர்
நான் யார் பக்கமும் இல்லை. 74க்கு மூன்றும் சரி, 85.5க்கு நாலும் சரி. போர் சிறிதென்றால் இடைவெளியும் சிறிது. இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

மாளிகாவத்தை டர்போ
யாரும் கேட்காத இன்னொன்றை நானும் கேட்கிறேன். ரோட்டில் ஓடுகிற காருக்கு எதற்கு 2618? 4032இல் சிலிக்கன் சுமார் 12 வீதம். விரிவது குறைவு, இரண்டரை மூன்று தௌவில் வைக்கலாம், ஸ்கர்ட்டும் ரிங் காடியும் தேய்வது குறைவு. காலி வீதி டிராஃபிக்கில் இரண்டாம் கியரைத் தாண்டாதவன் ரேஸ் பிஸ்டன் போட்டுவிட்டு, அது தட்டுகிறது என்று பெருமையும் படுகிறான். பிஸ்டன் தட்டுகிற சத்தத்தை நொக் சென்சர் எஞ்சின் நொக், அதாவது பெற்றோல் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிக்கிற சத்தம், என்று எடுத்துக்கொண்டு ஸ்பார்க் டைமிங்கைப் பின்னால் இழுக்கும் என்பதாவது ஈவோக்காரருக்குத் தெரியுமா?

ஈவோ வெள்ளவத்தை
மாளிகாவத்தை நானா, தெரியும். டியூன் பண்ணும்போதே பார்த்தாயிற்று. இங்கே பெரும்பாலும் கிடைப்பது 92, 95 ஒக்டேன் பெற்றோல்தான். பூஸ்டை, அதாவது டர்போ அழுத்தத்தை, ஏற்றி 95இல் ஓட்டும்போது ஒரு நாள் நொக் வரத்தான் செய்யும். அப்போது சிலிக்கன் கூடிய பிஸ்டன் வெடிக்கும், ரிங்குகளுக்கு இடையிலுள்ள சுவர் உடையும். 2618 நசுங்கும், வளையும், ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். நான் காசு கொடுத்தது அதற்குத்தான்.

மாளிகாவத்தை டர்போ
நொக் வருகிற மாதிரி டியூன் பண்ணிவிட்டு, நொக்கைத் தாங்குகிற பிஸ்டன் தேடுகிறீர்கள். நல்ல வியாபாரம்.

ஈவோ வெள்ளவத்தை
வருகிற மாதிரி டியூன் பண்ணினேன் என்று எங்கே எழுதினேன்? வரலாம் என்றேன். ஒரு தடவை மோசமான பெற்றோல் அடித்தால் போதும்.

ஸ்டார்லெட் ஜீடி
நானா, 2618ஐ அவ்வளவு மலிவாகப் பேசாதீர்கள். கொன்கோர்ட் விமானத்தின் உடம்பே அந்தக் குடும்பத்துக் கலவைதான். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறந்து, மூக்கு 127 பாகைக்குச் சூடாகியும் தாங்கியது.

மாளிகாவத்தை டர்போ
கொன்கோர்ட் கொட்டாஞ்சேனையில் பார்க் பண்ணியதாக நான் கேள்விப்படவில்லை. 1331 சீசீ ஸ்டார்லெட்டுக்கு விமானத் தகடு. மாஷா அல்லாஹ்.

ஸ்டார்லெட் ஜீடி
அந்த 1331 சீசீயின் பின்விளக்கை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இப்போது யாராவது சொல்லுங்கள், கொழும்பில் குளிர் ஏது?

தெஹிவளை சிவிக்
வணக்கம் அண்ணைமாரே, நானாமாரே. நான் இதற்குப் புதிது. ஹொண்டா சிவிக், பி16 எஞ்சின், டர்போ இல்லை, தினமும் தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகிற கார். ஒயில் எரிக்கிறது, எப்படியும் பிரிக்க வேண்டும். ஃபோர்ஜ்ட் போட வேண்டுமா? 4032 என்றால் சத்தம் வராதா?

ஆமர் வீதி மைக்ரோமீட்டர்
தம்பி, முதலில் கம்பிரஷனைப் பார், சிலிண்டரிலிருந்து காற்று எவ்வளவு கசிகிறது என்று லீக்டவுன் பார். வால்வு சீல் போயிருந்தால் கொன்கோர்ட் பிஸ்டன் போட்டாலும் ஒயில் எரிக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகுதான் இந்த வருத்தம் தொடங்கியது. புதுக் கார் வராது, இருப்பதைப் பிரித்து ரேஸ் கார் ஆக்குவோம் என்று எல்லோரும் கிளம்பினார்கள். 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குப் பாய்ந்தது, அப்போதும் நிறுத்தவில்லை, கடன் வாங்கிப் பிஸ்டன் ஓர்டர் பண்ணினார்கள். பிஸ்டனுக்குக் காசு இருக்கும். ரிங் கேப் ஃபைல் பண்ணுகிற கூலிக்கு மட்டும் பேரம். டர்போ எஞ்சினில் மேல் ரிங் கேப்பைக் குறைத்து விட்டால், சூட்டில் ரிங் நீண்டு நுனியும் நுனியும் முட்டும், பிஸ்டனின் தலையைப் பிடுங்கும். 2618, 4032 என்று அது பார்க்காது. அதைப் பற்றி இங்கே ஒரு வரி எழுதினீர்களா? காலையில் தட்டுமா, தட்டுமா, தட்டுமா.

ஈவோ வெள்ளவத்தை
அண்ணை, என் ரிங் கேப் சரியாகவே இருக்கிறது. விஷயம் தட்டல்தான். நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி பார்க்க இதே காரில் போனேன். விடியற்காலையில் அங்கே ஸ்டார்ட் பண்ணினால் கொழும்பைவிடச் சத்தம் கூட. எஞ்சின் அதே, போர் அதே. லேத்காரன் நுவரெலியாவுக்கு வந்தா வெட்டினான்?

ஸ்டார்லெட் ஜீடி
அடடா. குளிரான ஊரில் சத்தம் கூடியது என்று அவரே எழுதிவிட்டார். கொழும்பில் குளிர் ஏது என்று கேட்டால் கோபம் வருகிறது, நுவரெலியாவில் குளிர் என்று எழுதினால் மட்டும் விஞ்ஞானம்.

ஆமர் வீதி மைக்ரோமீட்டர்
அதற்கும் கணக்கு இருக்கிறது. கொழும்பு 26, நுவரெலியா 12 என்று வையுங்கள். 14 பாகை. பிஸ்டன் சுருங்கும், இரும்பு பிளொக்கும் அதில் பாதியளவு சுருங்கும். மிஞ்சுவது ஏறத்தாழ அரை தௌ. நாலு தௌ நாலரை ஆகும். கொழும்பில் அந்த நாலு அப்படியே இருக்கும், ஒன்றுமில்லாமல் போகாது. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி பிழை. கூட்டினால் ஒரு முழுப் பிழை.

ஸ்டார்லெட் ஜீடி
அரை தௌ என்றாலும் வித்தியாசம் வித்தியாசம்தான். குறித்துக்கொள்கிறேன்.

ஈவோ வெள்ளவத்தை
நாலு தௌ அப்படியே இருக்கும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளும்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. நீர் எனக்கு விற்ற பூஸ்ட் கேஜ், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலேயே 0.3 பார் காட்டுகிறது. அதை நம்பித்தான் உம்முடைய ஸ்டார்லெட்டையும் டியூன் பண்ணினீரா?

ஸ்டார்லெட் ஜீடி
அந்தக் கேஜ் என்னிடம் இருந்தபோது முள் பூச்சியத்தில் இருந்தது. நீர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு தந்தீர், அதுவும் இரண்டு தவணையில். இரண்டாம் தவணையில் இன்னும் பாக்கி இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா?

ஈவோ வெள்ளவத்தை
பூச்சியத்தைக் காட்டாத கேஜுக்கு முழுக் காசு எதற்கு?

மாளிகாவத்தை டர்போ
ஆக 2618 பிரச்சினை இல்லை, பாக்கி பிரச்சினை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் தூங்கப் போயிருப்பேன்.

தெஹிவளை சிவிக்
அண்ணை, கம்பிரஷன் பார்த்தேன், நாலும் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் பிஸ்டன் தேவையில்லையா? 4032 என்றால் கொழும்பில் தட்டாதுதானே?

ஸ்டார்லெட் ஜீடி
தம்பி, கொழும்பில் எதுவும் தட்டாது. குளிர் ஏது?

ஈவோ வெள்ளவத்தை
ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தைக்கு வந்து, பொனெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேளும். வரும்போது சைலன்சரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாரும், இல்லாவிட்டால் என் எஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியாது.

ஸ்டார்லெட் ஜீடி
வருகிறேன். பாக்கியை எடுத்து வையும்.

ஆமர் வீதி மைக்ரோமீட்டர்
காதை வைத்துக் கேட்கிறார்களாம். தௌவைக் காதால் அளக்கிற ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன். எஞ்சினைப் பிரிக்கிற அன்று பிளொக்கையும் பிஸ்டனையும் என்னிடம் கொண்டுவாருங்கள், போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்து தாளில் எழுதித் தருகிறேன். சனிக்கிழமை பின்னேரம் வரை திறந்திருக்கும், ஞாயிறு இல்லை. டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தால் காத்திருக்க வேண்டும், அதை இப்போதே சொல்லிவிட்டேன். தெஹிவளைத் தம்பி, நீ கம்பிரஷன் சூடான எஞ்சினிலா பார்த்தாய், ஆறிய எஞ்சினிலா?