பெட்ரூம் லேமினேட் தரை நடுவுல கூடாரம் மாதிரி தூக்கிடுச்சு, பிடுங்கிட்டு கார்ப்பெட் போட்டுடலாமா?

மேடவாக்கம்வாசி:
வணக்கம் மக்களே, கொஞ்சம் பெரிய கதை, பொறுமையா படிங்க. ஃப்ளாட் ரெண்டாவது மாடி. பெட்ரூம் 12க்கு 11. போன வருஷம் செப்டம்பர்ல பழைய விட்ரிஃபைடு டைல்ஸ் மேலேயே ஃபோம் விரிச்சு 8 மில்லி லேமினேட் பலகை போட்டோம், வேலை ஒரே நாள்ல முடிஞ்சுது, பார்க்க அவ்ளோ அழகா இருந்துச்சு, வந்தவங்க எல்லாம் தேக்கானு கேட்டாங்க, நானும் இல்லன்னு சொல்லல.

இப்ப நவம்பர் மழைக்கு அப்புறம் ரூம் நடுவுல ஒரு வரிசை அப்படியே மேல எழும்பி நிக்குது. காலால மிதிச்சா கீழ போகும், எடுத்தா திரும்ப வந்துடும். இது போக பால்கனி கதவு பக்கம் மூணு பலகையோட ஓரம் தடிச்சு விரல்ல தட்டுப்படுது. போட்டுக் கொடுத்தவர்கிட்ட கேட்டா "ஈரத் துணியில துடைச்சிருப்பீங்க சார், தண்ணி பட்டா வாரண்டி கிடையாது"ன்னு சொல்லிட்டு அதுக்கப்புறம் போனே எடுக்கல.

வீட்ல இதெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு சுவத்துக்கு சுவரு கார்ப்பெட் போட்டுடலாம், மெத்து மெத்துன்னு இருக்கும்னு சொல்றாங்க. பையனுக்கு 6 வயசு, மழைக்காலத்துல வீஸிங் வரும், அதனால எனக்கு யோசனையா இருக்கு. எங்கப்பா திருநெல்வேலில இருந்து போன் பண்ணி "நான் அப்பவே ரெட் ஆக்சைடு போடச் சொன்னேன்லா"ங்கிறாரு. எஸ்பிசின்னு கல்பவுடர் கலந்த பிளாஸ்டிக் பலகை ஒண்ணு இருக்காமே, தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆகாதாம், அது போடலாமா? யாராவது அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சைலண்ட் ரீடர்:
எஸ்பிசி போடுங்க ப்ரோ, முடிஞ்சுது கதை. லேமினேட்டு எல்லாம் மெட்ராஸ் க்ளைமேட்டுக்கு வேஸ்ட்டு.

ஆசாரி மகன்:
எதையும் பிடுங்காதீங்க, முதல்ல என்ன வியாதின்னு பாருங்க. நீங்க சொன்னதுல ரெண்டு வேற வேற பிரச்சினை இருக்கு, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறீங்க.

ஓரம் தடிச்சிருக்குன்னு சொன்னீங்களே, அது தண்ணி. லேமினேட்னா உள்ள இருக்கிறது மரத்தூளை பிசின் போட்டு அழுத்தின ஹெச்டிஎஃப் பலகை, மேல மரம் மாதிரி பிரிண்ட் போட்ட பேப்பர், அதுக்கு மேல தேயாம இருக்க ஒரு கோட்டிங். மேல எவ்ளோ தேய்ச்சாலும் தாங்கும், ஆனா ரெண்டு பலகை சேர்ற இடுக்கு வழியா தண்ணி உள்ள போச்சுன்னா டீயில முக்கின பிஸ்கட் கதைதான், ஊறினது ஊறினதுதான், காஞ்சாலும் பழைய அளவுக்கு வராது. அந்த மூணு பலகையை மாத்தித்தான் ஆகணும்.

ஆனா நடுவுல எழும்பி நிக்குதுன்னீங்களே, அந்த இடத்துல விரலை வச்சு தடவிப் பாருங்க. ஓரம் தடிக்காம வழவழன்னு இருந்து, ரெண்டு பலகையும் சேர்ந்து வீட்டுக்கூரை மாதிரி நிக்குதுன்னா அது தண்ணி இல்ல, இடம் இல்லாத கோளாறு. இந்த தரை கீழ ஒட்டியிருக்காது, ஒண்ணோட ஒண்ணு க்ளிக் ஆகி சும்மா படுத்திருக்கு, அவ்ளோதான். காத்துல ஈரம் ஏறினா மொத்த தரையும் சில மில்லி விரியும், வெயில்காலத்துல சுருங்கும். அதுக்காகத்தான் நாலு சுவர் ஓரமும் 8லருந்து 10 மில்லி இடம் விட்டு, அதை ஸ்கர்ட்டிங் வச்சு மறைப்பாங்க. அந்த இடம் விடாம சுவத்துல முட்டி வச்சுட்டா, விரியும்போது போக வழி இல்லாம நடுவுல எழும்பும். செப்டம்பர்ல போட்டு அடுத்த மழைக்கு எழும்புதுன்னா எனக்கு சந்தேகம் அங்கதான்.

ஒரே ஒரு பக்கம் ஸ்கர்ட்டிங்கை கழட்டிப் பாருங்க. பட்டி வைக்கிற ப்ளேட்டை உள்ள விட்டு மெதுவா நெம்பினா வந்துடும். சுவத்துக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு பென்சில் நுழையணும். நுழையுதா?

அப்புறம் ரெண்டு கேள்வி. பலகை எந்த வாட்டத்துல ஓடுது, ரூம்ல வார்ட்ரோப் எங்க இருக்கு?

மேடவாக்கம்வாசி:
அண்ணே நீங்க சொன்ன மாதிரி தடவிப் பார்த்தேன், நடுவுல வழவழன்னுதான் இருக்கு, தடிப்பு இல்ல. பலகை 12 அடி நீளவாக்குல ஓடுது. ஒரு 12 அடி சுவத்துல பால்கனி கதவு, அதுக்கு எதிர் சுவத்துல முழுசா வார்ட்ரோப். எழும்பினது ரெண்டுக்கும் நடுவுல. வார்ட்ரோப் பில்ட் இன், தரை போட்டதுக்கு அப்புறம்தான் கார்பென்டர் செஞ்சாரு, பலகை மேலேயே ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்காரு. ஸ்கர்ட்டிங் நாளைக்கு கழட்டறேன், இன்னைக்கு பையன் தூங்கிட்டான்.

ஆசாரி மகன்:
கிடைச்சுடுச்சு. வார்ட்ரோப் பக்கம் ஆணி அடிச்ச மாதிரி பிடிச்சாச்சு, எதிர்ப்பக்கமும் கதவு நிலையில முட்டியிருந்தா தரை எங்க போகும்? மேலதான் வரும்.

டஸ்ட்டுக்கு எதிரி:
கார்ப்பெட் விஷயத்துக்கு மட்டும் நான் சொல்றேன், என் பொண்ணுக்கும் இதே வீஸிங், அதனால இதுல நான் பட்டபாடு நிறைய. சுவத்துக்கு சுவரு கார்ப்பெட் தயவுசெஞ்சு போடாதீங்க. தூசிப்பூச்சின்னு ஒண்ணு இருக்கு, கண்ணுக்கே தெரியாது, நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோல்தான் அதுக்கு சாப்பாடு, காத்துல ஈரம் இருந்தா குஷியா பெருகும். அலர்ஜி வர்றது பெரும்பாலும் அதோட எச்சத்துனாலன்னு எங்க டாக்டர் சொன்னப்போ எனக்கு குமட்டிக்கிட்டு வந்துச்சு. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகைல ஈரத்துக்கு என்ன குறைச்சல். ஒட்டின கார்ப்பெட்டை எடுத்து உதற முடியாது, வெயில்ல போட முடியாது, வேக்குவம் போட்டா மேல இருக்கிறது மட்டும்தான் வரும். வெளிநாட்லயே வீஸிங் உள்ள குழந்தை ரூம்ல இருந்து கார்ப்பெட்டை எடுக்கச் சொல்றாங்க, நாம புதுசா கொண்டுவந்து போடணுமா?

மெத்துன்னு வேணும்னா கட்டில் பக்கத்துல ஒரு பவானி ஜமக்காளம் போடுங்க. பருத்தி, துவைக்கலாம், மொட்டைமாடில ஒரு நாள் வெயில்ல காயப்போடலாம். நான் ரெண்டு வச்சு மாத்தி மாத்தி போடறேன். பெட்ஷீட் தலையணை உறையெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை 60 டிகிரி சுடுதண்ணில துவைங்க, தூசிப்பூச்சி அதுல செத்துடும். சின்ன ரக்ஸ் வாங்கறதா இருந்தா பாலிப்ராப்பிலீன்ல வாங்குங்க, அந்த நூல் தண்ணியை உறிஞ்சாது, பைப்படில போட்டு கழுவிடலாம். அடிப்பக்கம் ரப்பர் ஒட்டினதா இருந்தா மட்டும் வேண்டாம், லேமினேட் மேல கறை பிடிக்கும், அடியில ஈரமும் மாட்டிக்கும்.

கோடம்பாக்கம் மாமி:
நடுவுல வந்து கேக்கறேன்னு கோச்சுக்காதீங்கோ. எங்காத்து ஹால்ல உல்லன் கார்ப்பெட் ஒண்ணு இருக்கு, கைவேலைன்னு சொல்லித்தான் கொடுத்தா, ஏழெட்டு வருஷம் ஆச்சு. இப்போ எடுத்தா அடியில கோலமாவு கொட்டினாப்ல வெள்ளைப் பவுடரா இருக்கு. பூச்சி அரிச்சிடுத்தா?

டஸ்ட்டுக்கு எதிரி:
மாமி, திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்க. காடாத்துணி ஒட்டியிருக்கா? அப்ப அது டஃப்டட். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால துணியில நூலைக் குத்தி, பின்னாடி லேடெக்ஸ் பசை தடவி, மேல துணி ஒட்டிடுவாங்க. வருஷம் ஆக ஆக அந்தப் பசை காஞ்சு பொடியா உதிரும், நீங்க பார்க்கறது அதுதான். ஒண்ணும் பண்ண முடியாது, மாத்த வேண்டியதுதான். இதுவும் கைவேலைதான்னு கடைக்காரர் சொல்றது பொய் இல்ல, ஆனா நிஜமா முடிச்சு போட்டு நெய்ததுன்னா முதுகுல துணியே இருக்காது, முன்னாடி இருக்கிற டிசைன் அப்படியே பின்னாடியும் குட்டி குட்டி முடிச்சா தெரியும். உத்தரப்பிரதேசத்துல கார்ப்பெட்டுக்கு பேர்போன பதோஹி பக்கம் ரெண்டுமே செய்றாங்க, விலைல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பூச்சியா இருந்தா மேல கம்பளி அங்கங்க மொட்டையா போயிருக்கும்.

கோடம்பாக்கம் மாமி:
காடாத்துணிதான் ஒட்டியிருக்கு. முடிச்சு போட்டதுன்னு விலை வாங்கிண்டான் பாவி.

ஸ்கார்பரோக்காரன்:
நான் கனடாவில இருந்து எழுதுறன். இங்க உங்கட பிரச்சினை அப்பிடியே தலைகீழ். விண்டர்ல ஹீட்டர் ஓட ஓட வீட்டுக்காத்து காஞ்சு போயிடும், மரப்பலகை சுருங்கி இடையில கோடு கோடா இடைவெளி விழும், வந்த முதல் வருசம் நான் பயந்து கடைக்காரனோட சண்டைக்கே போனனான். சமர் வர தன்பாட்டில மூடிட்டுது. அதுக்குப் பிறகு ஹியூமிடிஃபையர் போட்டு ஈரப்பதத்தை 35, 40க்குள்ள வச்சிருக்கிறன். மரம் எண்டா அசையத்தான் செய்யும், மரத்தூளும் அப்பிடித்தான், அசையிறதுக்கு இடம் விட்டீங்களோ எண்டதுதான் கேள்வி.

மேடவாக்கம்வாசி:
அப்டேட். இன்னைக்கு காலைல பால்கனி சுவர் ஸ்கர்ட்டிங்கை கழட்டிட்டேன். பென்சில் இல்ல, போஸ்ட் கார்டு கூட நுழையல. பலகை சுவத்துல அப்படியே முட்டி நிக்குது, ரெண்டு இடத்துல சுவத்து பூச்சையே நசுக்கியிருக்கு. அவசரத்துல ஒரே நாள்ல முடிச்சாங்கன்னு நான் பெருமையா சொன்னேன் பாருங்க.

இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன். தரை உயர்ந்ததால பால்கனி கதவு உரசுதுன்னு அன்னைக்கு கதவோட அடியை அறுத்தாங்க, அதை ரொம்பவே அறுத்திருக்காங்க, மூடினாலும் என் சுண்டுவிரல் போற அளவு சந்து இருக்கு. சாரல் அடிச்சா தண்ணி நேரா உள்ளதான். நாங்க துடைச்சதால இல்ல!! இனி என்ன பண்ணணும், சுவத்தை உடைக்கணுமா?

ஆசாரி மகன்:
சுவத்தை எதுக்கு உடைக்கணும், பலகையைத்தான் நறுக்கணும். சுவத்துல இருந்து 10 மில்லி தள்ளி பென்சில் கோடு போட்டு, மல்டி டூல்னு ஒரு மெஷின் இருக்கு, ப்ளேடு ஆடி ஆடி அறுக்கும், வாடகைக்கும் கிடைக்கும், அதால அந்த பட்டையை மட்டும் எடுத்துடுங்க. தரை அவுந்ததும் நடுவுல இருக்கிற மேடு தானா இறங்க ஆரம்பிக்கும், ஒரு வாரம் மேல ரெண்டு அரிசி மூட்டை வச்சா இன்னும் நல்லது. கதவு நிலைகிட்டயும் மறக்காம அறுங்க, அந்த ஒரு இடத்துல முட்டினாலும் போதும், திரும்ப எழும்பும்.

வார்ட்ரோப்பைக் கழட்டவேண்டாம். அதோட அடிப்பலகையை ஒட்டி முன்னாடி நேரா ஒரு வெட்டு வெட்டி 10 மில்லி பிரிச்சுடுங்க. வார்ட்ரோப் நிக்கிற பாகம் தனித்தீவா அங்கேயே கிடக்கட்டும், மீதி ரூம் சுதந்திரமா அசையும். அந்த வெட்டை மறைக்க ஒரு பீடிங் பட்டை, ஆனா பீடிங்கை வார்ட்ரோப்போட ஒட்டுங்க, தரையோட ஒட்டிடாதீங்க. சிமெண்ட்டோ பட்டியோ போட்டு அந்த சந்தை அடைக்கிற வேலையும் கூடாது, நிறைய பேர் எறும்பு வருதுன்னு அடைப்பாங்க, திரும்ப அதே கதை.

ஊறின மூணு பலகை கதவு ஓரத்துல இருக்கிறதால கழட்டறது ஈஸி, அந்தப் பக்க ஸ்கர்ட்டிங்கை எடுத்தாச்சுன்னா ஓரத்துல இருந்து வரிசையா தூக்கி எடுத்துடலாம். எடுத்தப்புறம் ஃபோமைத் தூக்கி அடியில டைல்ஸை நல்லா துடைச்சு, ரெண்டு நாள் ஃபேன் போட்டு காயவிட்டுட்டுதான் புதுசு போடணும். ஸ்பேர் பலகை வாங்கி வச்சிருக்கீங்களா? அதே டிசைன் இப்ப கிடைக்கிறது கஷ்டம்.

சைலண்ட் ரீடருக்கும் ஒரு பதில். எஸ்பிசி சுண்ணாம்புக்கல் பவுடரும் பிவிசியும் கலந்தது, தண்ணில ஊறாது, அது உண்மைதான். ஆனா வெயில் நேரா விழுற இடத்துல அதுவும் விரியும், அதுக்கும் சுவர் ஓரம் இடம் விடணும். இதே ஆளு இதே மாதிரி முட்டி வச்சா அதுவும் எழும்பும், காசு கூட போனதுதான் மிச்சம். தண்ணி பலகையைத்தான் ஒண்ணும் பண்ணாது, இடுக்கு வழியா அடியில போய் நின்னா நாத்தம் வரும். கிச்சனுக்கு, கிரவுண்ட் ஃப்ளோருக்கு நான் எஸ்பிசிதான் சொல்லுவேன், ரெண்டாவது மாடி பெட்ரூமுக்கு உங்க லேமினேட்டே போதும்.

சைலண்ட் ரீடர்:
ஓகே அண்ணே, ஒத்துக்கறேன் :)

குன்னூர் குளிர்:
எங்க ஊர்ல போன வாரம் கார்பென்டர் பாக்ஸைப் பிரிச்ச உடனே போட ஆரம்பிச்சாரு, நிறுத்திட்டேன். பலகை வந்ததும் பாக்ஸோட அந்த ரூம்லயே 48 மணிநேரம் படுக்க வச்சிருக்கணும், அந்த ரூம் ஈரத்துக்கு அது பழகணும். இதையும் இங்க சேர்த்துக்கோங்க, புதுசா போடறவங்களுக்கு உதவும்.

மேடவாக்கம்வாசி:
பத்து நாள் கழிச்சு வர்றேன். மல்டி டூல் வாடகைக்கு எடுத்து ஞாயித்துக்கிழமை நானே அறுத்தேன், வீடு பூரா தூள், வீட்ல ஒரு நாள் பேசல. பையனை மச்சினி வீட்டுக்கு அனுப்பினது நல்லதாப் போச்சு. மேடு பாதிக்கு மேல அன்னைக்கு ராத்திரியே இறங்கிடுச்சு, இப்ப கண்ணுக்கு தெரியல, இருட்டுல வெறுங்காலால நடந்தா மட்டும் லேசா தெரியுது. பரண்ல ஒரு பாக்ஸ் பலகை மிச்சம் இருந்துச்சு, மூணு பலகையும் மாத்தியாச்சு, வெயில் படாத பலகைங்கிறதால கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கு, பரவால்ல. கார்ப்பெட் பேச்சு நின்னுடுச்சு, ஜமக்காளம் வந்தாச்சு, பச்சையும் சிவப்பும் பட்டை போட்டது, எங்கப்பா வீடியோ கால்ல பார்த்துட்டு "இதுக்கு அடியில ரெட் ஆக்சைடு இருந்தா எப்படி இருக்கும்"ங்கிறாரு.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. கதவு சந்துக்கு ரப்பர் பட்டை ஒட்டினா போதுமா, இல்ல கதவை மாத்தணுமா?

ஆசாரி மகன்:
ரப்பர் ஒரு மழைக்குத்தான் தாங்கும். கதவுக்கு வெளிப்பக்கமா நிலைக்கு நிலை ஒரு கிரானைட் பட்டை 20 மில்லி உயரத்துக்கு வச்சு, ஓரத்துல சிலிகான் அடிச்சுடுங்க. அது போக கதவோட அடியில வெளிப்பக்கம் சாய்வா ஒரு மரச்சட்டம் அடிச்சா கதவுல வழியிற தண்ணி கிரானைட் பட்டைக்கு வெளிய சொட்டும். பால்கனி தண்ணி போற ஓட்டைல இலை அடைச்சிருக்கான்னும் ஒரு தடவை குச்சி விட்டுப் பாருங்க.

மேடவாக்கம்வாசி:
பார்த்தேன் அண்ணே. இலை இல்ல, பையனோட ரப்பர் பந்து.