ஆண் பூனைக்குக் காப்புறுதியா, தனிக் கணக்கில காசா?

வெள்ளவத்தைப் பூனை:
2 வயது ஆண் பூனை, கருத்தடை செய்தாச்சு. தொடர்மாடியில 4ஆம் மாடி, வெளியில விடுறதில்லை. தடுப்பூசி அட்டை இருக்கு, மைக்ரோசிப் (தோலுக்கடியில வைக்கிற அடையாளச் சிப்) இல்லை. பொலிசி எடுக்கலாமா, இல்லாட்டி அந்தக் காசை மாதாமாதம் வங்கியில போடலாமா?

கொட்டாஞ்சேனை:
பொலிசி வைத்தியச் செலவைத் தருமா, செத்தால் மட்டும் காசு தருமா எண்டு முதல்ல கேளுங்கோ. மாட்டுக் காப்புறுதி மாதிரி சாவுக்கு மட்டும் தாறதெண்டால் உங்களுக்கு அது வேலைக்காகாது.

பிறகு, ஒரு நோய்க்கு எவ்வளவு உச்சம் எண்டு பாருங்கோ. விளம்பரத்தில வருட உச்சம்தான் கொட்டை எழுத்தில இருக்கும். பில் 60,000 ரூபா எண்டு வையுங்கோ. முதல் 5,000 உங்கட பொறுப்பு, மிச்ச 55,000இல 20 வீதமும் உங்கட பொறுப்பு எண்டால் 44,000 வரவேணும். ஆனால் ஒரு நோய்க்கு 25,000தான் எண்டு எழுதியிருந்தால் கையில வாறது அவ்வளவுதான். தடுப்பூசி, கருத்தடை எல்லாம் பொதுவா உங்கட செலவு.

ஈரல்துண்டு:
ஆண் பூனைக்கு யோசிக்கவேண்டியது மூத்திர அடைப்பு. மூத்திரக்குழாய் ஒடுக்கம், சின்னக் கல்லோ சளியோ போதும். மண் தட்டில திரும்பத் திரும்பக் குந்தி, கத்தி, ஒரு சொட்டும் வராட்டி மலச்சிக்கல் எண்டு நினைச்சு எண்ணெய் பருக்காதேங்கோ. மூத்திரம் போகாட்டி ரத்தத்தில பொட்டாசியம் ஏறி இதயம் நிண்டுபோகும். ஒண்டிரண்டு நாளில உயிர் போயிடும், இரவெண்டாலும் கொண்டு ஓடவேணும். மயக்கி, குழாய் போட்டு, சேலைன் ஏத்தி, சில நாள் மறிச்சு வைப்பினம்.

இது திரும்ப வரக்கூடியது. ஒருக்கா வைத்தியக் குறிப்பில ஏறிட்டால், பிறகு எடுக்கிற பொலிசி 'முன்பே இருந்த நோய்' எண்டு தள்ளிவிடும். எடுக்கிறதெண்டால் இப்பவே எடுங்கோ. புதுப்பிக்கேக்க போன வருட நோயையும் அப்பிடித் தள்ளுவினமோ எண்டு எழுத்தில கேளுங்கோ. ஓமெண்டால் வங்கிதான் திறம்.

தெஹிவளை:
கிளெய்ம் மாட்டுறது கடதாசியில. பில்லில வெறும் 'பூனை' எண்டிருந்தால் ஆருடையது எண்டு கேப்பினம். 15 இலக்கச் சிப் எண், நோயின்ர பேர், வைத்தியரின்ர முத்திரை மூண்டும் இருக்கட்டும். தடுப்பூசித் திகதி தவறியிருந்தால் அந்த ஊசி தடுக்கிற நோய்க்குப் பொதுவா காசு வராது.

4ஆம் மாடியெண்டால் பல்கனிக்கு இறுக்கமான கம்பிவலையும் அடியுங்கோ. நுளம்புவலை பூனையின்ர பாரத்துக்குக் கழண்டு விழும். நாய்க்கான உண்ணி மருந்தையும் பூசாதேங்கோ, சிலதில இருக்கிற பேர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

வெள்ளவத்தைப் பூனை:
அப்ப முதல்ல சிப். புதுப்பித்தல் கேள்வியை இண்டைக்கே மின்னஞ்சலில அனுப்புறன்.