மொபைல்ல எடுக்குற ஸ்கூல் போட்டி வீடியோ: குரல் தெளிவா வரமாட்டேங்குது

சயின்ஸ் டீச்சர்:
எங்க ஒன்பதாம் வகுப்பு பசங்க சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பத்தி 3 நிமிஷ வீடியோ பண்றாங்க, ரோட்டோரம் நின்னு பேசினா வண்டி சத்தத்துல ஒண்ணுமே கேக்கல, கிளாஸ்ரூம்ல எடுத்தா ட்யூப்லைட்டால திரையில கோடு கோடா ஓடுது. என்ன பண்றது?

கல்யாண வீடியோகிராபர்:
டீச்சர், இன்னொரு போன்ல வாய்ஸ் ரெக்கார்டர ஆன் பண்ணி, மைக் இருக்குற முனை மேல வர்ற மாதிரி பேசுற பையனோட சட்டைப் பாக்கெட்ல வச்சிடுங்க. ஆரம்பத்துல ஒரு தடவ கைதட்டச் சொல்லுங்க, எடிட் பண்றப்ப அந்தத் தட்டுற சத்தத்த வச்சு ரெண்டையும் பொருத்திடலாம். கோடு வர்றதுக்குக் காரணம் நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், கேமரா ஆப்ல செட்டிங்க நாமளே மாத்துற ப்ரோ மோட்ல போயி ஷட்டர் வேகத்த 1/100 செகண்ட்னு வச்சா போயிடும். ஃபேன நிறுத்த மறந்துடாதீங்க!

ஒரு அப்பா:
டெக்னிக்கல் எல்லாம் சரி, பசங்கள மனப்பாடம் பண்ணி ஒப்பிக்க விடாதீங்க, அது பாக்கவே கஷ்டமா இருக்கும். 2022ல சதுப்பு நிலத்துக்கு ராம்சார்ங்கிற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைச்சதெல்லாம் ஒரு வரில சொல்லிட்டு, பக்கத்துல ரொம்ப வருஷமா இருக்குற பெரியவங்க யாரையாவது மழைத்தண்ணி முன்னாடி எங்க போச்சு, இப்ப எங்க நிக்குதுன்னு பசங்களே கேக்கட்டும், அதுதான் மனசுல நிக்கும். சினிமா பாட்டு வேண்டாம், காப்பிரைட் பிரச்சனை, யூடியூப் ஆடியோ லைப்ரரில இலவச மியூசிக் இருக்கு.

சயின்ஸ் டீச்சர்:
ரொம்ப நன்றி சார். பெரியவங்கள பேச வைக்கிற ஐடியா பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, சனிக்கிழமை காலைல போறோம்.