கோத்தகிரி: வாசல் பெஞ்சில் வார்னிஷ் உரிகிறது, கால் கறுக்கிறது, என்ன செய்யலாம்?

கோத்தகிரி வாசி:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டு முற்றத்தில் இரண்டு மர பெஞ்சுகள் கிடக்கின்றன. ஒன்று தேக்கு, அப்பா காலத்தது. இன்னொன்று காற்றில் சாய்ந்த சில்வர் ஓக்கை அறுத்துச் செய்தது. போன கோடையில் ஆள் வைத்து இரண்டுக்கும் பளபளவென்று வார்னிஷ் அடித்தோம், ஐப்பசி மழை ஓய்வதற்குள் தேக்கில் தோல் தோலாக உரிந்து அந்த ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. ஆணித் தலைகளைச் சுற்றிக் கருநீல வட்டம் வேறு. சில்வர் ஓக் பெஞ்சின் கால் மண்ணில் நிற்கிற இடம் காய்வதே இல்லை, பாசி ஏறியிருக்கிறது. அம்மா காலை வெயிலுக்கு உட்காருவது அங்கேதான், தூக்கிப் போட மனசில்லை. கடையில் இன்னும் இரண்டு கோட் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா, இல்லை தார்ப்பாய் போட்டு மூடிவிடலாமா?

ஊட்டி வாடகை வீடு:
பழையதைத் தேய்த்துவிட்டு நல்ல பாலியூரித்தேன் வார்னிஷ் அடியுங்கள் சார். வீட்டுக்குள் இருக்கும் எங்கள் மேசைக்கு அதுதான், பல வருடமாக அப்படியே இருக்கிறது.

தச்சுவேலை, குன்னூர்:
வீட்டுக்குள் சரி, வெளியே வேண்டாம். மரம் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், வார்னிஷ் அதற்கு ஈடுகொடுக்காமல் மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பில் இறங்குகிற தண்ணீர் மேலே படலம் இருப்பதால் திரும்ப வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். நம் மலையில் வெயிலும் கடுமை, அந்தக் கதிர் வார்னிஷுக்கு அடியில் இருக்கிற மரத்தின் மேல்பரப்பையே சிதைப்பதால் பிடிப்பு விட்டுப்போகிறது. இன்னும் இரண்டு கோட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினதாகத்தான் ஆகும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறவரை பூஞ்சணம் அதை உளுக்க வைக்காது. நீங்கள் யோசிக்க வேண்டியது என்ன பூசலாம் என்பதை அல்ல, பெஞ்ச் எப்படிச் சீக்கிரம் காயும் என்பதைத்தான்.

தார்ப்பாயை மேலேயே ஒட்டிப் போடாதீர்கள். பனிக்காலத்தில் அடியில் வேர்த்து வேர்த்து நனையும். கூரை போல் ஒரு தகரம், நான்கு பக்கமும் காற்று போகிற மாதிரி, அது போதும்.

முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் கால், பலகை முனை, பொருத்து எல்லாவற்றையும் குத்திப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி.

கோத்தகிரி வாசி:
பார்த்தேன் அண்ணே. தேக்கு எங்கேயும் இறங்கவில்லை, கறுப்பு மேலாகத்தான் இருக்கிறது. சில்வர் ஓக்கில் பின்கால் இரண்டிலும் அடிப்பக்கம் ஒரு விரல் ஆழத்துக்கு மெத்தென்று போகிறது.

தச்சுவேலை, குன்னூர்:
அப்போ தேக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், வைரம் பாய்ந்த மரம். வார்னிஷ் முழுவதையும் 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120 போட்டு எடுத்துவிட்டு வெறுமனே விட்டாலும் பல வருடம் நிற்கும், சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். எனக்கு அந்த நிறம்தான் பிடிக்கும். ஆணி வட்டம், தேக்கில் இருக்கிற துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்வதால் வருவது. ஆணிகளைப் பிடுங்கிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள், கறைக்கு ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவி நன்றாகக் கழுவுங்கள். அது விஷம், கையுறை கட்டாயம். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அதன்மேல் இந்த அமிலத்தை ஊற்றவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

சில்வர் ஓக் நிழலுக்கு நல்ல மரம், டீ எஸ்டேட்டில் நிற்பதும் அதற்காகத்தான். மண்ணைத் தொட்டபடி வெளியே கிடந்தால் தாங்காது. உளுத்த பகுதியைக் கெட்டி மரம் வருகிறவரை அறுத்து எறியுங்கள், பட்டி வைத்து அடைக்கிற வேலை எல்லாம் வேண்டாம். முன்கால் இரண்டையும் அதே அளவுக்கு அறுத்து, நான்கு காலுக்கும் அடியில் கருங்கல் துண்டு வையுங்கள். உயரம் குறைந்தால் கல்லைப் பெரிதாகப் போடலாம். அறுத்த முனைதான் தண்ணீரை உறிஞ்சும், பலகையின் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக. வேறெங்கே பூசாவிட்டாலும் அங்கே எண்ணெயை, மரம் குடிக்கிறவரை, விட்டு விட்டுத் தடவ வேண்டும்.

கொடைக்கானல், தோட்டம் பார்ப்பவர்:
அண்ணன் சொல்வது எல்லாம் சரி, எண்ணெய் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெயை வாங்காதீர்கள். இந்தக் குளிரில் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும், அதிலேயே கறுப்புப் பூசணம் பிடிக்கும். சீக்கிரம் காய்கிற வகை வேண்டும், டபுள் பாயில்டு ஆளிவிதை எண்ணெய் என்று கேளுங்கள், முதல் கைக்கு அதே அளவு டர்பன்டைன் கலந்து மெல்லிசாகத் தடவி கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். செலவு செய்ய முடிந்தால் வெளிப்புற மரத்துக்கான, நிறம் கலந்த வுட் ஸ்டெயின் இன்னும் நல்லது. மரத்துக்குள் ஊறிப் பிடிக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், உரியாது, மங்கினால் கழுவிவிட்டு மேலேயே தடவலாம்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள். பிரஷர் வாஷரும் வேண்டாம், நார் கிளம்பிவிடும்.

கோத்தகிரி வாசி:
ரொம்ப நன்றி அண்ணே, உங்களுக்கும் நன்றி. இந்த வாரமே ஆரம்பிக்கலாமா? மழை விட்டுவிட்டது.

தச்சுவேலை, குன்னூர்:
அறுக்கிறது, சுரண்டுகிறது இப்போது செய்யலாம். எண்ணெய்க்கு அவசரப்படாதீர்கள். கோத்தகிரியில் வடகிழக்கு மழை குடித்த மரம் அவ்வளவு சீக்கிரம் காயாது. கொட்டகையில் காற்றுப்பட வைத்திருந்து பிப்ரவரி வெயிலில் செய்யுங்கள், காலை பத்து மணிக்குப் பிறகு, பனி ஈரம் போனதும். சில்வர் ஓக் பலகைகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒரு பலகையைக் கழற்றிவிட்டு மற்றதைத் தள்ளித் தள்ளிப் பொருத்துங்கள்.